உப்புநீர்த் தொட்டியில் பாசி: ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து தொடங்குவோம்

சென்னையில் உப்புநீர் மீன்தொட்டி வைத்திருப்பவர்களிடம் பாசியைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் விளக்கில் தொடங்குவார்கள். சிலர் மருந்துக் குப்பியில் தொடங்குவார்கள். என்னிடம் கேட்டால் சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் ஆர்.ஓ. இயந்திரத்தில் தொடங்குவேன். அதன் உள்ளே ஒரு சின்னத் திருகு இருக்கிறது. அதைத் தொடாமல் பாசியை அடக்க முயல்வது வீண் வேலை என்பது என் கட்சி.

முதலில் தொட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாலடி நீளம், 300 லிட்டர், கீழே சம்ப் என்னும் துணைத்தொட்டி, அதில் கழிவை நுரையாகப் பிரித்துத் தள்ளும் ஸ்கிம்மர் என்னும் கருவி. கோமாளி மீன்கள், டாம்செல்கள், பாசி மேயும் ஒரா மீன் ஒன்றே ஒன்று. பவளம் கிடையாது. பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் உள்ளவை. கடலிலிருந்து பெயர்த்த பவளப் பாறையை வாங்கி வைப்பதும் அந்தச் சட்டத்தோடு மோதுவதுதான். வெளிநாட்டுக் காணொளிகளில் ‘நல்ல உயிர்ப்பாறை (கடலிலிருந்து நுண்ணுயிர்களோடு எடுத்த பாறை) போடுங்கள், பாசியை அது பார்த்துக்கொள்ளும்’ என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். நமக்கு அந்த வழி இல்லை. இல்லாததில் எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. அதற்குப் பதிலாக நாம் வைக்கும் பீங்கான் பாறை வெறும் பாறை. அதன் துளைகளில் நல்ல பாக்டீரியா குடியேற மாதக்கணக்கில் ஆகும். அதுவரை அந்த இடம் காலிமனை. முதலில் வருகிறவன் பட்டா போட்டுக்கொள்வான். முதலில் வருவது எப்போதும் பாசிதான்.

இப்போது திருகுக்கு வருவோம். மே மாதத்தில் என் வீட்டுக் கூடத்தில் வெப்பம் சாதாரணமாக 33 டிகிரிக்குப் போகும். கடல்மீனுக்கு 26, 27 டிகிரி இருந்தால் நல்லது. நீரைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரம் வாங்கினால் விலையும் அதிகம், மின்கட்டணமும் அதிகம். ஆகவே நம்மில் பலர் நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறிகளை ஓடவிட்டுச் சமாளிக்கிறோம். விசிறி தண்ணீரைக் குளிர்விப்பது ஆவியாக்குவதன் மூலம்தான். நாலடித் தொட்டியில் கோடைநாளில் நான்கு லிட்டர் காணாமல் போவது சர்வசாதாரணம். காணாமல் போவது வெறும் நீர். அதில் கரைந்திருந்த எல்லாம் உள்ளேயே தங்கிவிடும். மரக்காணம் உப்பளத்தில் பாத்தியில் நடப்பது நம் கூடத்தில் நடக்கிறது. குறைந்த நான்கு லிட்டரை நாம் நன்னீரால் நிரப்புகிறோம். அந்த நீரில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் கரைபொருள் இருந்தால் நாளொன்றுக்கு 400 மில்லிகிராம், மாதத்துக்கு 12 கிராம் தொட்டிக்குள் சேர்கிறது. அத்தனையும் பாசிக்குத் தீனி அல்ல. பெரும்பகுதி கால்சியம், சோடியம், குளோரைடு. ஆனால் சென்னை நிலத்தடி நீரில் கூடவே நைட்ரேட் வரும், சிலிக்கேட் வரும். இப்படி நாள்தோறும் நாம் நிரப்பும் நீர் அதிகம். ஆகவே சிறு அசுத்தமும் நம்மை அடித்துவிடும்.

ஆர்.ஓ. தண்ணீர்தானே ஊற்றுகிறோம் என்று கேட்கலாம். வீட்டு ஆர்.ஓ. இயந்திரங்கள் பலவற்றில் டி.டி.எஸ். (நீரில் கரைந்திருக்கும் பொருள்களின் மொத்த அளவு) கட்டுப்படுத்தி என்று ஒன்று உண்டு. நான் சொன்ன திருகு இதுதான். சவ்வின் வழியே வடிகட்டிய நீரோடு, சவ்வைத் தொடாத நீரைக் கொஞ்சம் கலந்து சுவை வரவைக்கும் ஏற்பாடு அது. குடிப்பதற்கு அது சரி. தொட்டிக்கு அது பின்கதவு. என் வீட்டு ஆர்.ஓ. குழாயில் வரும் நீர் டி.டி.எஸ். மீட்டரில் 110 காட்டியது. சர்வீஸுக்கு வந்த தம்பியிடம் அந்தத் திருகை முழுவதும் மூடச் சொன்னேன்.

“சார், தண்ணீர் சப்பென்று ஆகிவிடும். மினரல் எல்லாம் போய்விடும், உடம்புக்கு நல்லதில்லை” என்றார்.

“குடிக்கப்போவது நான் இல்லை தம்பி, மீன்” என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மூடினார். 110 என்று காட்டிய மீட்டர் 22க்கு இறங்கியது. பிறகு குடிநீருக்குத் தொந்தரவு வேண்டாம் என்று சவ்விலிருந்து நேராக ஒரு கிளைக்குழாய் எடுத்து, அதன் முனையில் அயனி நீக்கும் பிசின் (மீதமிருக்கும் கரைபொருளைப் பிடித்துக்கொள்ளும் மணிகள்) நிரப்பிய குழல் ஒன்றை மாட்டினேன். மீட்டர் பூஜ்யம் காட்டியது.

இந்தப் பூஜ்யத்தை அப்படியே நம்பக் கூடாது. டி.டி.எஸ். மீட்டர் உண்மையில் அளப்பது மின்கடத்தும் தன்மையை. சாதாரண நீரில் சிலிக்கா பெரும்பாலும் மின்னூட்டம் இல்லாமல் கரைந்திருப்பதால் மீட்டரின் கண்ணில் படாது. பிசினும் சிலிக்காவைத் தளர்வாகத்தான் பிடித்துவைக்கிறது. தீரும் தறுவாயில் முதலில் அதைத்தான் கைவிடும். மீட்டர் பூஜ்யம் என்று சாதித்துக்கொண்டிருக்கும்போதே சிலிக்காவால் வளரும் பழுப்புப் பாசி கண்ணாடியில் தூளாகப் படிய ஆரம்பித்தால் பிசினை மாற்றும் நேரம் வந்துவிட்டது. நிறம் மாறும் பிசின் கிடைக்கிறது. குழலில் முக்கால்வாசி நிறம் மாறியதும் மாற்றிவிடுவது என் வழக்கம். பிசின் செலவு கூடும். மருந்துச் செலவு மிச்சமாகும்.

கடற்கரையில் நீர் எடுத்துவந்து ஊற்றுபவர்களும் உண்டு. படகுக்காரரிடம் சொல்லி ஆழக்கடலிலிருந்து கேனில் வரவழைத்தால் ஓரளவு பரவாயில்லை. அடையாறு, கூவம் முகத்துவாரங்களுக்குப் பக்கத்தில் மொண்டுவந்தால் நகரத்தின் சாக்கடைச் சத்து முழுதும் கூடவே வரும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கரையோர நீரின் உப்பும் குறைந்துவிடும். நான் உப்புத்தூளைக் கரைத்தே பயன்படுத்துகிறேன். அடர்த்தி 1.025.

பாசிக்கான சத்து உள்ளே வரும் இரண்டாவது வழி தீனி போடும் நம் கை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உலர்ந்த மீன்தீனியில் ஒரு விழுக்காடு பாஸ்பரஸ் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் தீனியில் 10 மில்லிகிராம். அது பாசி உண்ணும் பாஸ்பேட்டாக மாறினால் ஏறத்தாழ 30 மில்லிகிராம். 300 லிட்டரில் அது கரைந்தால் 0.1 பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு 0.1 மில்லிகிராம். தொட்டியில் நான் வைத்திருக்க விரும்பும் மொத்த அளவே அவ்வளவுதான்! ஒரு வேளைத் தீனி அதை இரட்டிப்பாக்கிவிடும். மீன் உடம்பில் சேர்வது, ஸ்கிம்மர் நுரையாகத் தள்ளுவது என்று இதில் கழித்துக்கொள்ள வேண்டியவை உண்டு. ஆனாலும் கணக்கின் அளவு புரிந்தால் கை தானாகச் சுருங்கும். உறைந்த இறாலை அப்படியே போடாமல் ஒரு கிண்ணத்தில் உருகவிட்டு, வடிகட்டியில் அலசி, அந்தக் கலங்கிய சாற்றைக் கொட்டிவிட்டுப் போடுங்கள். வீட்டுக்கு வரும் குழந்தைகள் தீனி போட ஆசைப்பட்டால் எண்ணி ஐந்து மணி மட்டும் உள்ளங்கையில் வைத்துக் கொடுப்பேன். டப்பாவைக் கொடுக்க மாட்டேன்.

இவ்வளவும் செய்திருந்தும் 2023 டிசம்பரில் என் தொட்டி பச்சை ரோமமாகப் போனது. மிக்ஜாம் புயலில் எங்கள் பகுதியில் மின்சாரம் நாட்கணக்கில் இல்லை. இன்வெர்ட்டர் முதலில் செத்தது. பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு மீன்களைக் காப்பாற்றியது. ஆனால் நீரோட்டம் நின்றதால் பாறைக்குள்ளும் மணலுக்குள்ளும் இருந்த நுண்ணுயிர்கள் மூச்சடைத்து மடிந்தன. மடிந்தவை அழுகிச் சத்தாக மாறின. மின்சாரம் வந்தபின் சில வாரங்களில் பாறைகள் எல்லாம் முடி வளர்த்துக்கொண்டு நின்றன.

அந்தச் சமயத்தில் பாஸ்பேட் சோதித்தால் ஏறத்தாழப் பூஜ்யம் காட்டியது. பலரும் இங்கேதான் குழம்புகிறார்கள். நீரில் இருந்ததைப் பாசி உறிஞ்சித் தன் உடம்பில் வைத்திருக்கிறது. சோதனைக் கிட் நீரை மட்டும்தான் பார்க்கும். பாஸ்பேட்டே இல்லை, பிறகு எப்படிப் பாசி என்று கேட்பவரிடம் பாசியைப் பிடுங்கி எடைபோட்டுப் பாருங்கள் என்பேன். பிடுங்குவதுதான் முதல் வேலை. பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றை உறிஞ்சுகுழாயின் முனையில் நூலால் கட்டிவிடுங்கள். தேய்க்கத் தேய்க்க உதிர்வது குழாய் வழியே போய்விடும். குழாயின் மறுமுனையை சம்பில் உள்ள வடிதுணிப் பைக்குள் விட்டால் நீர் திரும்பத் தொட்டிக்கே வரும். அவசரமில்லாமல் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உறிஞ்சலாம். வேலை முடிந்ததும் பையை வெளியே எடுத்துக் கழுவ வேண்டும். உள்ளேயே விட்டால் பிடுங்கிய பலனில் பாதி போச்சு.

கையில் எடுக்கக்கூடிய சிறு பாறைகளுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு உதவும். மருந்துக் கடையில் 20 வால்யூம் என்று கிடைப்பது 6 விழுக்காடு. வெளிநாட்டுக் குறிப்புகள் சொல்வது 3 விழுக்காடு. சம அளவு ஆர்.ஓ. நீர் கலந்து, பாறையைத் தொட்டிக்கு வெளியே வைத்து, பாசி மேல் மட்டும் தடவி, சில நிமிடம் விட்டு, உப்புநீரில் அலசி உள்ளே வையுங்கள். தொட்டிக்குள் நேரடியாக ஊற்றுபவர்களும் இருக்கிறார்கள். இறாலும் நண்டும் வைத்திருக்கும் தொட்டியில் அந்த வீரம் வேண்டாம்.

பாஸ்பேட்டை இழுக்க இரும்பு ஆக்சைடுக் குருணை நன்றாக வேலை செய்யும். ஆனால் நீரில் இருப்பதை இழுத்தவுடன், கிளிஞ்சல் மணலில் ஒட்டியிருப்பது வெளியே வரும். சுண்ணாம்புச் சத்துள்ள எதுவும் பாஸ்பேட்டை இப்படிச் சேமித்து வைக்கும். நீரை மாற்றினால் அன்று குறைந்து, சில நாளில் பழைய அளவுக்கே வருவதன் ரகசியம் இதுதான். கிட்டைக் குறை சொல்ல வேண்டியதில்லை. மணல் காலியாகும்வரை தொடர வேண்டும். நான் பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவில் கால் பங்கில் தொடங்கினேன். அதற்கு வலுவான காரணம் இருக்கிறது.

அந்தக் காரணத்தின் பெயர் டைனோஃபிளஜெல்லேட், சுருக்கமாக டைனோ. கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் உயிரி. 2019 ஆகஸ்டில் திருவான்மியூர், கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கமெல்லாம் அலை நீலமாக ஒளிர்ந்ததே, ஊரே இரவில் திரண்டு போய்ப் பார்த்ததே, அதைச் செய்த நாக்டிலூகா இந்தப் பெரும்பிரிவைச் சேர்ந்தது. தொட்டிக்குள் வரும் உறவினர்கள் அவ்வளவு அழகு இல்லை. பழுப்பு நிறத்தில் சளி போல் படர்ந்து, நடுவில் காற்றுக் குமிழ்களைக் கோத்துக்கொண்டு தொங்கும். பகலில் கெட்டியாக இருக்கும், விளக்கணைத்தால் மெலியும், காலையில் ஒன்றுமே நடக்காதது போல் மணல் சுத்தமாக இருக்கும், மதியம் திரும்ப வந்துவிடும். அதைத் தின்ற நத்தைகள் செத்துப்போகும். முக்கியமான சங்கதி என்னவென்றால், நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்துக்குப் போன தொட்டியில்தான் இது பெரும்பாலும் தலைதூக்குகிறது. போட்டிக்கு வேறு எதுவும் வளர முடியாத வறட்சியில் இது வளரும். பச்சைப் பாசியை ஒழிக்கிறேன் என்று சத்தை ஒரேயடியாகத் துடைத்தெடுப்பவர்கள் இதற்கு வாசலைத் திறந்துவைக்கிறார்கள்.

என் நண்பர் ஒருவர் வீட்டில் அதுதான் நடந்தது. கடைக்காரர் “பாசிதான் சார், தண்ணீரை இன்னும் மாற்றுங்கள்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மாற்ற மாற்ற இன்னும் கெட்டது. அது டைனோதானா என்று பார்க்க எளிய வழி உண்டு. கொஞ்சம் சளியை நீரோடு ஒரு கண்ணாடிக் குப்பியில் எடுத்து நன்றாகக் குலுக்கி, டிஷ்யூ தாளில் வடிகட்டி, வடிந்த நீரை வெளிச்சத்தில் வையுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி நூல்நூலாகத் திரண்டால் டைனோ என்றே கொள்ளலாம். பள்ளிப் பிள்ளைகளின் நுண்ணோக்கி இருந்தால் இன்னும் நல்லது. டைனோவில் ஆஸ்ட்ரியாப்சிஸ் வகை இரவில் நீரில் மிதக்கும், அதற்குப் புறஊதா விளக்கு (தன்னைக் கடந்து ஓடும் நீரில் உள்ள நுண்ணுயிர்களைக் கொல்லும் கருவி) பலிக்கும். ஆம்ஃபிடினியம் வகை மணலை விட்டு நகராது, அந்த விளக்கு அதை ஒன்றும் செய்யாது. நண்பர் தண்ணீர் மாற்றுவதை நிறுத்தினார், தீனியைக் கூட்டினார், மூன்று நாள் தொட்டியைப் போர்வையால் மூடி இருட்டாக்கினார், பின்பு புறஊதா விளக்கைப் போட்டார். பச்சைப் பாசி திரும்ப எட்டிப் பார்த்தபோது எனக்குத் தொலைபேசியில் சொல்லி மகிழ்ந்தார். பாசி வந்ததற்கு ஒரு மனிதர் மகிழ்ந்து நான் கேட்டது அப்போதுதான்.

அதனால்தான் எதையும் ஊற்றுமுன் வந்திருப்பது எது என்று பார்க்கச் சொல்கிறேன். புதுத் தொட்டியில் முதல் வாரங்களில் மணல் மேல் மாவு தூவியது போல் பழுப்பாக வருவது டயாட்டம் என்னும் நுண்பாசி. சிலிக்கா தீர்ந்தால் தானே போகும், கவலைப்பட வேண்டாம். கருஞ்சிவப்பில் படலமாகப் படர்ந்து, உறிஞ்சினால் துணிபோல் கழன்று வருவது சயனோபாக்டீரியா. அது உண்மையில் பாசியே அல்ல, பாக்டீரியா. நீரோட்டம் மந்தமான மூலையில்தான் பிடிக்கும். பம்பின் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிவிட்டு, வாரந்தோறும் உறிஞ்சியெடுத்தாலே பெரும்பாலும் அடங்கும். இதற்கு ஆன்டிபயாடிக் மாத்திரை கரைப்பவர்கள் உண்டு. அம்மோனியாவைத் தின்னும் நல்ல பாக்டீரியாவையும் அது விட்டுவைக்கும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது, நான் தொடவில்லை. பச்சை மணிகளாகப் பளபளப்பது வலோனியா. உடைக்காமல் அடியோடு பெயர்த்தெடுங்கள். இறகு போலக் கிளைத்திருக்கும் பச்சை பிரையாப்சிஸ். சத்தைக் குறைத்தாலும் அசையாத பிடிவாதக்காரன். மனிதருக்குப் பூஞ்சைக்குக் கொடுக்கும் ஃப்ளூகோனசோல் அதைக் கொல்கிறது என்பது பொழுதுபோக்காளர்களின் பரவலான அனுபவம். ஆனால் செத்த பாசி அழுகும்போது விடும் சத்து அடுத்த பாசிக்கு விருந்து. முடிந்தவரை பிடுங்கிவிட்டுத்தான் மருந்துக்குப் போக வேண்டும்.

விளக்கைப் பற்றி இவ்வளவு நேரம் பேசவில்லை. பவளம் இல்லாத தொட்டிக்கு எட்டு மணி நேரம் தாராளம். சன்னல் வெயில் நேரடியாக விழக் கூடாது. அவ்வளவுதான்.

மேய்ச்சல்காரர்களில் எனக்குப் பிடித்தது ஒரா. நம் மீன் சந்தையில் குழம்புக்கு விற்கிறார்களே, அதே குடும்பத்தின் மஞ்சள் நிறச் சகோதரன். குட்டையான ரோமப் பாசியை நாள் முழுவதும் கொறிக்கும். நீளமாக வளர்ந்ததை ஏறெடுத்தும் பார்க்காது. ஆகவே முதலில் நாம் மொட்டையடித்துக் கொடுக்க வேண்டும், பிறகு அது பராமரிக்கும். வலை போடும்போது கவனம். முதுகு முள்ளில் விஷம் உண்டு, குத்தினால் கை கடுக்கும். நத்தைகள் கண்ணாடிக்கு நல்லவை. ஆனால் சில கடல் நத்தை இனங்களும் வனவிலங்குச் சட்ட அட்டவணையில் உள்ளன, எந்த இனம் என்று கேட்காமல் வாங்க வேண்டாம். பின்பக்கக் கண்ணாடியை நான் சுரண்டுவதே இல்லை. அது ஒராவின் மேய்ச்சல் நிலம். பாறையில் இளஞ்சிவப்பாகக் கெட்டியாகப் படரும் சுண்ணாம்புப் பாசி வந்தால் அதையும் சுரண்டாதீர்கள். அது பிடித்த இடத்தில் ரோமப் பாசி எளிதில் காலூன்றாது.

பாசியைப் பாசியால் வெல்லும் வழி ஒன்றும் உண்டு. சம்பில் ஓர் அறை ஒதுக்கி, கீட்டோமார்ஃபா என்னும் கம்பி நூல் சிக்கல் போன்ற பாசியை வைத்து, மேலே ஒரு தனி விளக்கு. மேலே விளக்கணையும்போது கீழே எரிய வேண்டும். இரவில் நீரின் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) சரியாமல் இருக்க அது உதவும். வளர வளரப் பாதியைப் பிடுங்கி வெளியே எறிவதுதான் பலன். பிடுங்காமல் அழகு பார்த்தால் உள்ளிருப்பது இறந்து சத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். காலெர்ப்பா என்னும் பாசி இனங்களும் விரைவாக வளரும், பார்க்கவும் அழகு. ஆனால் அது சில வேளை ஒரே இரவில் இனப்பெருக்க அணுக்களை வெளியேற்றிவிட்டு வெளுத்துச் சாகும். தொட்டி பால்போல் கலங்கும். அதைவிடப் பெரிய காரணமும் உண்டு. 1984இல் மொனாக்கோ கடல் அருங்காட்சியகத்தின் கீழே கடலடியில் ஒரு திட்டாகக் காணப்பட்ட காலெர்ப்பா டாக்ஸிஃபோலியா, மீன்தொட்டிகளில் வளர்த்த வகைதான். மத்தியதரைக் கடலில் பரவிய அதை இன்றுவரை ஒழிக்க முடியவில்லை. 2000இல் கலிஃபோர்னியாவில் ஒரு காயலில் தலைகாட்டியதை ஒழித்து முடிக்க 2006 ஆனது. நம் மன்னார் வளைகுடாவிலும் வளர்ப்புக்குக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் பாசி குருசடைத் தீவுப் பக்கம் பவளங்கள் மேல் படர்ந்திருக்கிறது.

ஆகவே பிடுங்கிய பாசியைக் கழிவறையிலோ மழைநீர் வடிகாலிலோ கடலிலோ போட வேண்டாம். நான் மொட்டைமாடியில் செய்தித்தாள் மேல் பரப்பி மொறுமொறுப்பாகும்வரை காயவைத்துக் குப்பையில் சேர்க்கிறேன். கறிவேப்பிலைச் செடிக்கு உரமாகப் போடலாமா என்று வீட்டில் கேட்டார்கள். நன்னீரில் பலமுறை அலசி உப்பை நீக்காமல் போட்டால் செடி கருகிவிடும்.